‘வீடில்லாதவர்’ என்னும் சொல்

தீவனக் கடையின் பின்புறம் குதிரைகளை ஏற்றிச் செல்லும் பழைய இழுவை வண்டியொன்று உறைபனி படிந்து நிற்கிறது. கதவிடுக்கில் மஞ்சள் வெளிச்சம் கசிகிறது. வீடில்லாதவர்களைக் கணக்கெடுக்கும் காலை இது. கணக்கில் தலைகள் குறைந்தால் அரசு நிதியும் குறையும். எங்கள் மாவட்டத்தில் அவர்களுக்கென இருக்கும் ஒரே இரவுத் தங்குமிடத்தை இந்தக் குளிர்காலத்திலேயே மூடிவிடுவார்கள். கணக்குப் படிவத்தோடு லோர்னா கதவைத் தட்டுகிறாள். துணைக்கு வந்த நான் விளக்கைப் பிடித்திருக்கிறேன். மர ஆலை மூடப்படும்வரை அவளுடைய கணவனோடு வேலை செய்த ஆர்வில் எட்டிப் பார்க்கிறார். உள்ளே, தொங்கும் கடிவாளங்களுக்கு நடுவில், அவருடைய மனைவி நாடீன் இருமிக்கொண்டே போர்வைகளை மூலைக்குத் தள்ளுகிறாள். வாளித் தண்ணீர் உறைந்து கிடக்கிறது.

“நேத்து ராத்திரி எங்க படுத்தீங்க, ஆர்வில்?” “வீட்லதான். ஏன், உன் புருஷன் உன்னைத் துரத்திட்டானா?” “விளையாடாதீங்க. வீடு இல்லைன்னு உங்க வாயால சொல்லணும். நானா எழுதிக்கக் கூடாது.” “அந்தப் பேரு நகரத்துல ரோட்டோரமா கெடக்கறவனுக்கு. எங்களுக்குக் கூரை இருக்கு, கதவு இருக்கு. காபி குடிச்சிட்டுப் போ.” ஓர் இன்மையை மனிதனுக்குப் பெயராகச் சூட்டிவிட்டு, அதை அவனே தன் அண்டை வீட்டாரிடம் ஒப்புவிக்க வேண்டும் என்று விதித்தவர்கள் எந்தப் பள்ளியில் மொழி கற்றார்களோ! லோர்னா நாடீனைப் பார்க்கிறாள். நாடீன் வாயைத் திறக்கிறாள். ஆர்வில் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்க்கிறார். ஆவி பறக்கும் கோப்பையை லோர்னாவிடம் நீட்டியபடி, “சர்க்கரை இல்லைம்மா,” என்கிறாள் நாடீன்.