மாதிரிக் கடிதம்

"யசோ, உனக்கு மகன் கிடைச்சிட்டானாம் கா!"

ஸாதியா போட்ட கூச்சலில் வகுப்பிலிருந்த பத்துத் தட்டச்சுப் பொறிகளும் ஒரேயடியாக நின்றுவிட்டன. யசோதினிக்கு வயது இருபது. கல்யாணப் பேச்சே இன்னும் அவள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அதற்குள் மகனா?

"பகிடி உடாத கா."

"அல்லாஹ்வே, பகிடி இல்ல! இந்தா, அலுவலக முத்திரையோட வந்திரிக்கு."

அலுவலகப் பயிற்சி வகுப்பில் அந்த மாதம் உள்வரும் தபால் ஸாதியாவின் பொறுப்பு. கடிதங்களைப் பிரித்துத் திகதி முத்திரை குத்த வேண்டும். போன மாதம் வெளிச்செல்லும் தபால் யசோதினியின் பொறுப்பாக இருந்தது. வினையே அங்கேதான் தொடங்கியது.

ஸாதியா தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தாள். "'திருமதி யசோதினி அவர்கட்கு. தங்கள் மகன் நல்லரத்தினம் சிவதர்ஷன் வவுனியாவில் எமது பராமரிப்பில் உள்ளார். கால் காயம் ஆறி வருகிறது. அடையாள அட்டையுடன் நேரில் வந்து பார்க்கலாம்.'"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சிவதர்ஷனைத் தெரியாதவர் அங்கே யார்? 'காணாமற்போனவர் பற்றி விபரம் கோரல்' என்று கேதீஸ்வரி மிஸ் கரும்பலகையில் எழுதிப்போடும் மாதிரிக் கடிதத்தின் கதாநாயகன் அல்லவா! ஆளுக்கு நாற்பது தடவையாவது அவனைத் தட்டச்சுச் செய்திருப்பார்கள். திகதியை மாற்றலாம், விலாசத்தை மாற்றலாம், 'தாய்' என்ற இடத்தில் அவரவர் பெயரைப் போட்டுக் கையொப்பமிடலாம். 'இடது புருவத்தில் சைக்கிளால் விழுந்த தழும்பு' என்ற வரியை மட்டும் விட்டால் ஐந்து புள்ளி போய்விடும்.

யசோதினி சிரிக்கவில்லை. எட்டிக் கடிதத்தைப் பறித்து, அனுப்பியவர் விலாசத்தைப் பார்த்தாள்.

"அதத் தபாலிலயா போட்டாய்?" ஸாதியாவின் சிரிப்பும் நின்றது.

"மிஸ்தானே சொன்னவ, பதிவேட்டில ஏறின கடிதம் மேசையில கிடக்கப்படாது எண்டு. சண்டையில காணாமப்போனவங்களத் தேடுற அலுவலகமெண்டு பேப்பரில கிடந்த ஒரு விலாசத்தப் பாத்து அடிச்சி, முத்திரை ஒட்டிப் போட்டுட்டன்."

"அடி விசரி! பயிற்சிக் கடிதத்த ஆராச்சும் தபாலில போடுவாங்களா? அரசாங்கத்துக்குப் பொய் எழுதினதெண்டு உன்ன வகுப்பால நிப்பாட்டப் போறாங்க."

நிறுத்தினால்? சுனாமி அம்மாவைக் கொண்டுபோன நாளிலிருந்து அப்பா ஒற்றை ஆளாக வாவியில் வலை வீசிப் படிக்க வைக்கிறார். "சான்றிதழ் எடுத்தா வேலை, இல்லாட்டிக் குவைத்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். வீட்டு வேலைக்குப் போகக் கடவுச்சீட்டுக்கூட எடுத்து வைத்தாயிற்று.

ஆனால் அதைவிட வேறொன்று அவள் நெஞ்சைப் போட்டு அறுத்தது.

"ஸாதியா, அந்தப் பேரில மெய்யாவே ஒரு பொடியன் அங்க இரிக்கான் போல. அம்மா வருவா எண்டு வாசலையே பாத்துக்கொண்டு கிடப்பானே! எந்தப் பாவத்தத் தேடிக்கொண்டன் நான்?"

அம்மா வராத வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படியென்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குவைத் என்றாலும் போகட்டும் என்று கடிதத்தையும் நகல்கள் கோத்த கோவையையும் தூக்கிக்கொண்டு மிஸ்ஸின் அறைக்கு நடந்தாள்.

கேதீஸ்வரி மிஸ் லேசுப்பட்டவர் அல்லர். ஒரு காற்புள்ளி பிசகினாலும் முழுப் பக்கத்தையும் திரும்ப அடிக்க வைப்பவர். சிவப்புப் பேனையால் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை.

யசோதினி நடந்ததை ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தாள். "என்ன நிப்பாட்டினாலும் பறவாயில்ல, மிஸ். அந்தப் பொடியனுக்கு நானே மன்னிப்புக் கேட்டு எழுதுறன். அவனச் சும்மா காத்திரிக்க விடப்படாது."

மிஸ் கையை நீட்டிக் கடிதத்தை வாங்கினார். படித்தார். திரும்பவும் முதல் வரியிலிருந்து படித்தார். சிவப்புப் பேனை உருண்டு நிலத்தில் விழுந்தது. அவர் எடுக்கவில்லை.

"தழும்பு வரி போட்டனியா?"

"போட்டன், மிஸ். அடியில பாருங்க, தழும்பு சரியா ஒத்துப்போகுதெண்டு அவங்களும் எழுதியிரிக்காங்க."

"வவுனியா பஸ் எத்தின மணிக்கு?"

"விடிய அஞ்சரைக்கு. நீங்க ஏன் மிஸ் போகோணும்? பிழை செய்தவள் நான்தானே?"

மிஸ் எழுந்து வந்தார். காற்புள்ளிக்கு ஏசுகிற அந்த மிஸ், மை படிந்த அவளது இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். கைகள் நனைந்தன. யசோதினிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நீ நல்லா இரிப்பாய் மனே, நூறு வருசம் நல்லா இரிப்பாய்! மூணு வருசமா இந்தக் கடிதத்தப் படிப்பிக்கிறன். தபால்பெட்டி மட்டுக்கும் போக எனக்குக் கால் வரல்ல. இல்லை எண்டு பதில் வந்திட்டா என்ன செய்யிற எண்டு பயம். எங்க, நகல் வச்சிரிக்கியா?"

யசோதினி கோவையைத் திறந்து கொடுத்தாள்.

மிஸ் குனிந்து சிவப்புப் பேனையை எடுத்தார். "ஒரேயொரு பிழைதான் விட்டிரிக்காய்" என்றவர், 'தாய்' என்பதற்குக் கீழே இருந்த யசோதினியின் பெயரை வெட்டிவிட்டு எழுதினார்: 'கேதீஸ்வரி நல்லரத்தினம்.'