கறைக்குறி

புயலில் கரண்ட் போய் நாள்கணக்காக வராதபோது, ஞானசேகரின் நெஞ்சுக்குள் ஓடிய இதயப் பம்பு சார்ஜ் இறங்கி நிற்கப் பார்த்தது. அது கம்பெனி பாட்டரியைத் தவிர வேறு எதையும் ஏற்காது. அவர் இடுப்பில் கட்டியிருந்த பம்பின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் யாரோ வெளியாள் எழுதிய ஒரு சின்ன நிரலை ஏற்றி, எதிர் வெல்டிங் கடை பாட்டரியில் பம்பை ஓடவைத்து அவரைக் காப்பாற்றினாள் மனைவி வசுமதி. கரண்ட் வந்ததும் அந்த நிரலை அழித்தும்விட்டாள்.

ஆனால் வெளி நிரல் ஏறியதற்கு அடையாளமாக அந்தப் பெட்டியின் திரையில் ‘கறை’ என்று ஒரு சிவப்புக் குறி நிலைத்துவிட்டது.

மாசியில் பம்பு தடுமாறியது. கம்பெனி டெக்னீசியனைக் கூப்பிட்டாள்.

“கறை விழுந்த பம்பை நாங்க தொடக்கூடாதும்மா. ரூல்ஸ்.”

“அதான் அப்பவே அழிச்சுட்டனே தம்பி.”

“அழிச்சாலும் குறி போகாது. பம்பை ஒருதடவ நிறுத்திட்டுத் திரும்பப் போட்டா தானா போயிடும்.”

“நிறுத்துனா அவரு செத்துருவாரே!”

“அதாம்மா. நிறுத்தவும் கூடாது.”

அந்த வாரமே பம்பு தானாக நின்றது. ஞானசேகர் போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் அதே டெக்னீசியன் வீட்டுக்கு வந்தான். பம்பு கம்பெனியின் சொத்து. ஆஸ்பத்திரியில் உடலிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்ததை மேசைமேல் வைத்து, பெட்டியோடு இணைத்து ஓடவிட்டான். திரையில் பச்சை எரிந்தது.

“பாருங்க, கறை போயிடுச்சு. சின்னக் கோளாறுதாம்மா. இங்கயே சரிபண்ணிடறேன்” என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்தான்.