இரண்டு தட்டு

குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்து சொல்லித்தரும் ஜிம்களில், தங்கை சேர்வதற்காகப் பார்க்க வருவதில் இது மூன்றாவது. முதலாவதில் வியர்வை நாற்றம், இரண்டாவதில் பெண்களே இல்லை. புகுந்த வீட்டிலிருந்து துணைக்கு வந்த அக்கா, "உன்னை அடிக்க ஆள் தேடி நாமளே ஊர் சுத்தறோம்டி" என்று வழியெல்லாம் கேலி பண்ணிக்கொண்டு வந்திருக்கிறாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம், மாலை வெயில் விழுந்த நீல மெத்தையில், ஒருத்தி இன்னொருத்தியின் கழுத்தைப் பின்னாலிருந்து கையால் வளைத்து இறுக்குகிறாள். சிக்கியவளின் முகம் செங்கல் நிறமாகிறது. சிக்கியவள் அந்தக் கையை இரண்டு முறை தட்டுகிறாள். பிடி உடனே தளர்கிறது. இருவரும் சிரித்தபடி எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறார்கள். அக்கா மட்டும் வலையைப் பிடித்தபடியே நிற்கிறாள்.

"தட்டினா விட்டுடுவாங்களா?" என்று பயிற்சியாளரிடம் கேட்கிறாள்.

"பின்ன? விடலைன்னா, எப்பேர்ப்பட்ட பயில்வானா இருந்தாலும் அன்னைக்கே செருப்பை மாட்டிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்மா."

சேர்க்கைப் படிவத்தோடு நிற்கும் தங்கை, அக்காவைச் சீண்டத் திரும்புகிறாள். இந்தப் புழுக்கத்திலும் அக்கா அவிழ்க்காமல் கழுத்தில் சுற்றியிருந்த துணி வலையில் மாட்டி நழுவியிருக்கிறது. காதுக்குக் கீழே நான்கு விரல் தடங்கள், ஓரம் மஞ்சள் பாரித்து.

"மாமா பண்ணதாக்கா?"

அக்கா மெத்தையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நானும் தட்டினேன்டி. ரெண்டு தடவை இல்ல, எத்தனையோ தடவை."