கூட்டினால் ஒன்பது

பனியன் கம்பெனி முதலாளி மருதாசலம் எந்த எண்ணையும் படிக்கமாட்டார், கூட்டிப் பார்ப்பார். ஒன்பது வராத பஸ்ஸில் பல்லடம்கூடப் போகமாட்டார். அவருடைய புது செல்போன் நம்பரும் எண் ஜோசியர் பெருமாள்சாமி தேடிக் கொடுத்த ஒன்பதுதான்.

வியாபாரிகள் ஆர்டர் சொல்ல, அந்த நம்பரைப் பனியன் பெட்டியில் போட ஏற்பாடானது. அச்சகத்திலிருந்து மாதிரி அட்டை வந்தது.

"நம்பரை ஒருக்காப் பார்த்துருங்க" என்றாள் ஆபீஸ் சித்ரகலா.

மருதாசலம் விரல் மடக்கிக் கூட்டினார். "ஒன்பது வருது கண்ணு. அடிக்கச் சொல்லு."

பெட்டிகள் ஊர் ஊராகப் போயின. ஒரு போன்கூட வரவில்லை. எதிர்க் கம்பெனி செல்வக்குமாரோ ஆர்டர் தாங்காமல் ராத்திரி ஷிப்ட் போட்டிருந்தார்.

ஜோசியரை வரவழைத்தார் மருதாசலம். "ஏனுங்க, உங்க ஒன்பது வேலையே செய்யலீங்களே?"

ஜோசியர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். "நடுவுல ரெண்டு எண்ணு இடம் மாறிக் கெடக்குதுங்க."

"மாறுனா என்னங்க? கூட்டுனா அதே ஒன்பதுதானுங்களே?"

"ஆமாங்க, ஒன்பதுதான். நல்லாவே வேலை செய்யுதுங்க. இது செல்வக்குமாருக்கு நான் பார்த்துக் கொடுத்த நம்பரு."