சீஃப் இன்ஜினியர் தேவை

"ஆபீஸ்ல ரெனவேஷன் நடக்குது. அதான் இங்க வரச் சொல்லிட்டேன். பரவாயில்லதானே, அழகேசன்?"

"எனக்கு இதுதான் வசதி, மேடம். அங்கன்னா இங்கிலீஷ்லயே பேசணும். ஏசியிலயும் வேர்த்துடும்."

இளமதி சிரித்தாள். சிராங்கூன் சாலையில் இருந்த அந்தச் சைவ உணவகத்தில் மதியக் கூட்டம் இன்னும் சேரவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவர் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் கழுத்துவரை பட்டன் போட்டிருந்தார். தோசை வந்து ஆறிக்கொண்டிருந்தது. அவர் தொடவில்லை.

அவர் வேலை பார்த்த நிறுவனமும் இளமதியின் நிறுவனமும் மேசைக் கணினிகளுக்கான விலை உயர்ந்த பிராசசர்களைச் செய்பவை. ஒருவர் புது சிப் இறக்கினால், அதைவிட வேகமான ஒன்றை இறக்காமல் மற்றவருக்குத் தூக்கம் வராது. போன முறை அழகேசனின் நிறுவனம் இறக்கிய சிப் அளவுக்கு மீறிச் சூடானது. வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். சிங்கப்பூரில் அதைச் செய்த குழுவையே கலைத்துவிட்டார்கள்.

"வீடு எங்க?" என்று கேட்டாள்.

"புக்கிட் பாஞ்சாங். வாடகைக்குத்தான். வேலை போனதும் இங்க தங்குறதுக்கான ஒர்க் பாஸும் போயிடுச்சு. மாசக் கடைசிக்குள்ள வேற வேலை கிடைக்கலன்னா ஊருக்குக் கிளம்பணும்." தண்ணீர் டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். "பொண்ணு இந்த வருஷம் ஆறாம் வகுப்பு பிஎஸ்எல்இ பரீட்சை எழுதணும், மேடம். எனக்கு வேலை போனது அவளுக்கு இன்னும் தெரியாது. தினமும் டியூஷன் போயிட்டு வர்றா."

"எங்களுக்கு ஒரு சீஃப் இன்ஜினியர் தேவைப்படுது. உங்க அனுபவம் அதுக்குப் பொருத்தமா இருக்கும்னு நினைக்கிறோம்" என்றாள் இளமதி. சொல்லிவிட்டுத் தன் டம்ளரில் இருந்த தண்ணீரை முழுக்கக் குடித்தாள்.

அழகேசன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உங்க சிப் ஏன் அவ்வளவு சூடாச்சு?"

"அது வெளிய சொல்லக் கூடாதுங்க. கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்."

"புரியுது லா. ஆனா நீங்க எப்படி யோசிக்கிறீங்கன்னே தெரியாம, மேல போய் நான் என்ன சொல்றது?"

அவருடைய போன் மேசைமேல் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்துக் கவிழ்த்து வைத்தார். "வீட்டுக்காரிதான். காலைலேர்ந்து கேட்டுக்கிட்டே இருக்கா."

வெளியே பூக்கடைப் பக்கம் பார்த்தபடி இருந்தார். பிறகு தோசைத் தட்டிலிருந்த இரண்டு சட்னிக் கிண்ணங்களை மெதுவாக எடுத்து மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இது ரெண்டும் கணக்குப் போடுற பகுதி. எல்லாரும் இங்கதான் சூடுன்னு தேடினாங்க. இங்க இல்ல." கிண்ணங்களுக்கு நடுவே விரலை ஓட்டினார். "ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிற பாதை இது. உங்க சிப்பைக் கொஞ்சமாவது முந்திடணும்னு மேல இருக்கிறவங்க இந்தப் பாதையில கரண்டை ஏத்தச் சொன்னாங்க. வேண்டாம்னோம். கேட்கல."

"ம்."

"சரி பண்ண வழி இருக்கு, மேடம். நாங்க கண்டுபிடிச்சோம். ஆனா சிப் கடைக்குப் போன பிறகுதான் பிடிபட்டுச்சு." சாம்பார்க் கிண்ணத்தை அருகே இழுத்தார்.

"போதும், அழகேசன்."

"இருங்க, முக்கியமானதே இனிமேதான்."

சாம்பார்க் கிண்ணத்தை எங்கே நகர்த்த வேண்டும், பாதையை எப்படிப் பிரிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. உள்ளே வரும்போது இருந்த மனிதர் இல்லை அவர். கூட ஒரு குழு நிற்பதுபோலக் கை நீட்டிப் பேசினார். இளமதியின் ஆய்வகத்திலும் அடுத்த சிப் அதே இடத்தில்தான் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் குழுவுக்குப் பல மாதங்களாகப் பிடிபடாத விடை இப்போது மேசைமேல் மூன்று கிண்ணங்களாக இருந்தது.

அவர் முடித்ததும் அவளே கிண்ணங்களை எடுத்துத் தட்டில் வைத்தாள்.

"எப்ப கூப்பிடுவீங்க, மேடம்?"

"இந்த வாரத்துக்குள்ள சொல்றேன். அதுவரைக்கும் மத்த கம்பெனியும் பாருங்க. விடாதீங்க."

"இனிமே எதுக்குங்க?"

"பாருங்க. எனக்காகவாவது. அப்புறம், இப்ப சொன்னதை வேற எந்த இன்டர்வியூலயும் சொல்லாதீங்க."

அவர் தலையாட்டினார். ஆறிப்போன தோசையை அப்போதுதான் சாப்பிட ஆரம்பித்தார். ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டுக் கை கழுவி விடைபெற்றார். வாசல் தாண்டுவதற்குள் போனில் பேசத் தொடங்கிவிட்டார்.

"கிடைச்ச மாதிரிதான்மா. பாப்பாகிட்ட எதுவும் சொல்லிடாத. காளியம்மன் கோயிலுக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்துடறேன்."

கண்ணாடி வழியே அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்த இளமதியின் போன் அடித்தது. அவளுடைய மேலாளர் திலீப்.

"சொன்னாரா?"

"இல்ல."

"எதுவுமேவா?"

"கையெழுத்துப் போட்டிருக்கேன்னுட்டார். எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன், திலீப். வாயே திறக்கல."

சாலையைக் கடக்க நின்றிருந்த அழகேசன் திரும்பிப் பார்த்துக் கையசைத்தார். அவளும் கையை உயர்த்தினாள்.

"சரி விடு. அவங்க டீம்ல இன்னொருத்தரை நாளைக்கு அதே கடைக்கு வரச் சொல்லியிருக்கேன்" என்றான் திலீப். "அவர்கிட்டயும் இதே வேலையைச் சொல்லு. இல்லாத வேலைதானே, எத்தனை பேர்கிட்ட வேணும்னாலும் சொல்லலாம்."