பத்தடி பின்னால்

“வீட்டை மாத்திக் கொடுங்கன்னு எழுதியிருக்கீங்களே, என்ன காரணம்?” நகராட்சி அலுவலகத்தில் கேட்டார் வாடகை வீடுகளுக்குப் பொறுப்பான அதிகாரி பெட்ரி.

“ஒரே மாடியில எதிர்வீட்டு நெட்டாதான் காரணம். அஞ்சு மாசமா என் பின்னாலேயே வர்றா” என்றாள் ஐனா. வயது எழுபத்திரண்டு, கோபத்துக்கு மட்டும் இருபது.

“எங்கே?”

“ரொட்டிக்கடை, நூலகம், சர்ச்சு, ஒரு இடம் பாக்கியில்லை. பத்தடி பின்னால, வாயே திறக்காம! இப்பக்கூட வாசல்ல நிக்கிறா பாருங்க.”

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, எடின்பரோ மழையில் நனைந்தபடி எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றாள் நெட்டா.

“சண்டையா?”

“பின்னே? நான் தலைசுத்திப் படுத்துக் கிடக்கேன், ‘இந்த வாரம் பொதுப் படிக்கட்டு கழுவறது உங்க முறை’ன்னு என் கதவுல அட்டையை மாட்டிட்டுப் போறா! நர்ஸ் படிக்கறப்ப மூணு வருஷம் என்னோட ஒரே ரூம்ல இருந்தவ! அன்னியோட பேச்சை நிறுத்திட்டேன்.”

“உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னு அவங்களுக்குத் தெரியுமா?”

“நான் எதுக்குச் சொல்லணும்? அவளாத் தெரிஞ்சுக்க வேண்டாமா? நான் கீழே விழணும், அதை அவ பார்க்கணும். அதுக்குத்தான் வர்றா!”

நாற்பது வருஷம் இருந்த வீடு. விட்டுப்போக ஐனாவுக்கு மட்டும் ஆசையா என்ன?

பெட்ரி எழுந்துபோய் நெட்டாவை உள்ளே கூப்பிட்டார். “ஏம்மா இவங்க பின்னாலேயே போறீங்களாம்?”

நெட்டா அவரை மட்டும் பார்த்துப் பேசினாள். “பின்னால போகலை, ‘சம்’ பண்றேன்னு அவகிட்ட சொல்லுங்க.”

அந்தக் காலத்தில் ஆக்ஸ்போர்டில் ஒரே அறையில் தங்கிப் படித்தவர்கள் ஒருவரையொருவர் ‘சம்’ என்பார்களாம். எடின்பரோவுக்கு வந்ததும் அந்தச் சொல்லுக்குக் கால் முளைத்துவிட்டது. இங்கே ‘உன்னை சம் பண்றேன்’ என்றால், துணைக்குக் கூடவே நடந்து வருகிறேன் என்று அர்த்தம்.

“சம் பண்றவங்க பக்கத்துல பேசிக்கிட்டு வருவாங்கன்னு அவகிட்ட சொல்லுங்க!” சீறினாள் ஐனா.

“அவதான் பேச்சே கிடையாதுன்னுட்டாளே! அட்டை மாட்டினதுக்கு மறுவாரம், தெருவுல கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத் தள்ளாடி நின்னா. ஜன்னல் வழியாப் பார்த்தேன். அப்பத்தான் எனக்கே விஷயம் புரிஞ்சுது. அதுக்கப்புறம் தனியா விட மனசு வருமா? பக்கத்துல போனா விரட்டுவா. அதான் பத்தடி. அவ விழறதுக்குள்ள ஓடிப்போய்ப் பிடிச்சுடலாம். வீட்டுலயே ஓடிப் பார்த்துட்டேன்.”

ஐனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “லூசு! தொப்பலா நனைஞ்சிருக்கே பாருடி!” ஐந்து மாதத்தில் நேராகப் பேசிய முதல் வார்த்தை.

பெட்ரி மெல்லக் கேட்டார். “இன்னிக்கு இவங்க எதுக்கு இங்கே வந்திருக்காங்கன்னு தெரியுமாம்மா உங்களுக்கு?”

ஐனாவின் கை அவசரமாக விண்ணப்பத்தை மூடியது.

“எனக்கெப்படித் தெரியும்? கேட்கத்தான் வழியில்லையே!” என்றாள் நெட்டா, தலையைத் துவட்டிக்கொண்டே. “சந்திரனுக்கே போனாலும் போகட்டும். தனியாப் போகக்கூடாது, அவ்வளவுதான்.”