திறந்திருந்த மூடி

இருந்தவர்கள் மூவர்: ஆய்வு மாணவி ஹெட்விக், சக மாணவன் தவோர், அவர்களுடைய புரொபசர் ரைன்தாலர்.

கிராட்ஸ் நகரில், நிலத்தடி ஆய்வகம். மூவரும் அசையாமல் திரையைப் பார்த்து நின்றார்கள். யாராவது நடந்தால், அணுக்களைத் தடவிப் படமெடுக்கும் நுண்ணோக்கியின் ஊசி ஆடிவிடும்.

காற்று உறிஞ்சப்பட்ட எஃகுக் கலத்துக்குள் ஒரு வெள்ளித் தகடு. அதில் ஹெட்விக் தூவிய மூலக்கூறுகள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு புரோமின் அணு.

சூடாக்காமலே அது கழன்றுவர வேண்டும். மார்ச்சில் ஒருமுறை கழன்றது. பிறகு இல்லை.

திரும்பச் செய்துகாட்ட முடியாததை யாரும் நம்பமாட்டார்கள். அவளுடைய முனைவர் பட்டமே அந்தப் புரோமினில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நாளை கருவி வேறு குழுவுக்குப் போகிறது.

ஒவ்வொரு தோல்விக்கும் புரொபசர் ஒன்றையே சொன்னார்: தகட்டை இன்னும் சுத்தம் செய். செய்தாள்.

இன்று காலை தவோர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். தன் மூலக்கூறை ஆவியாக்கும் குழாயின் மூடியை நேற்று மூட மறந்துவிட்டான். அவள் சுத்தம் செய்துவைத்த தகட்டில் அது படிந்திருந்தது.

"கடைசி நாள்லதான் ஒனக்கு மறதி வரணுமா?"

"கேக் வாங்கித் தரேன், விடு."

கலத்தைக் கெடுத்தவர் எல்லோருக்கும் கேக் வாங்க வேண்டும். அங்கே அது சட்டம்.

தகட்டை வீணாக்க மனமில்லாமல், அந்த அழுக்கின் மேலேயே தன்னுடையதைத் தூவியிருந்தாள்.

இப்போது திரையில் படம் வரிவரியாக இறங்கியது. தவோரின் மூலக்கூறு ஒட்டி உட்கார்ந்த இடங்களில் மட்டும் புரோமின் கழன்று தனியே கிடந்தது.

ஹெட்விக்குக்குப் புரிந்துவிட்டது. அவனுடையது எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கும் ரகம். பக்கத்திலிருந்ததற்குக் கொடுத்திருக்கிறது. கூடுதல் எலக்ட்ரான் வந்து ஏறியதும் புரோமினின் பிடி தளர்ந்திருக்கிறது. இத்தனை மாதமும் வேண்டியதைத்தான் அவள் துடைத்து எறிந்திருக்கிறாள்.

"அப்போ மார்ச்லயும் மூடியைத் திறந்து போட்டது நீதானாடா?"

"மார்ச்ல நான் ஊர்லயே இல்ல. ஸாக்ரெப்ல அக்கா கல்யாணம்."

அந்தக் குழாயைத் தொடுகிறவர்கள் இரண்டே பேர்; ஹெட்விக் அதில் சேர்த்தியில்லை.

புரொபசர் அழுத்தமானியை மிகுந்த அக்கறையோடு படிக்க ஆரம்பித்தார்.

"ரெண்டு கேக்," என்றான் தவோர், கடைக்குக் கிளம்ப மேல்கோட்டை மாட்டியபடி.

ஹெட்விக் சிரித்துவிட்டாள். பகல் முழுக்க மிச்சமிருந்தது. குழாயின் மூடியை இந்த முறை வேண்டுமென்றே திறந்தாள்.

புரொபசர் வாசலில் தயங்கினார். "நானும் கூட இருக்கட்டுமா?"

அவர் அவளிடம் அனுமதி கேட்டது அதுதான் முதல்முறை.

"வேண்டாம் சார், யாராவது நடந்தா ஊசி ஆடிடும்," என்றாள். அவர் வெளியே கால் வைத்ததும் கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து பூட்டினாள்.